காரணம் சொல்லாமல் எடுத்த ஆள்

சவரிமுத்து அண்ணன் இறந்துபோன செய்தி வந்தபோது நான் அவரைத் திட்டி முடித்துவிட்டு டீக்குக் காத்திருந்தேன்.

காலையில் கடை ஷட்டரைத் தூக்கியதும் முதல் வேலையாக அவருக்கு வாட்ஸ்அப்பில் ஒரு குரல் பதிவு அனுப்பியிருந்தேன். "யோவ் அண்ணே, ஒங்க ஆளு நேத்து விழுந்ததைப் பாத்தீகளா? கெணத்துக்குள்ள எறக்குன மோட்டாரு கயிறு அந்து விழுந்த மாதிரி விழுந்தான். தூக்க நாலு பேரு வேணும் போல. இன்னமும் அவனையே கட்டிக்கிட்டு அழுங்க, நல்லா வெளங்கும்!" கடைசியில் ஒரு சிரிப்பும் சிரித்து வைத்தேன்.

அண்ணனுக்குக் காது மந்தம். போனை எப்போதும் முழுச் சத்தத்தில்தான் வைத்திருப்பார். யார் யாருக்குத் தகவல் சொல்ல வேண்டும் என்று பார்க்க அந்தப் போனை எடுத்த அவர் மகள் ஜெசி, மேலே கிடந்த என் பதிவைத் தொட்டுவிட்டாள். ஆவூர் வீட்டு முன்கூடத்தில் அவரைக் கிடத்தி, பெண்கள் ஜெபமாலை சொல்லிக்கொண்டிருந்த இடத்தில் என் குரல் கிளம்பியிருக்கிறது. பதட்டத்தில் அவளுக்கு நிறுத்தத் தெரியவில்லை. சிரிப்பு உட்பட முழுவதும் ஓடியிருக்கிறது. அதற்குப் பிறகுதான் எனக்குப் போன் செய்தாள்.

"சித்தப்பா, அப்பா விடியக்காலைல தவறிட்டாரு. நெஞ்சு வலிக்குதுன்னாரு, தண்ணி கேட்டாரு, அம்புட்டுதான்."

வந்த டீயை வாங்கி அப்படியே மேசையில் வைத்தேன்.

"ஒங்க மெசேஜ எல்லாரும் கேட்டோம்," என்றாள். "பங்குச் சாமியும் கேட்டாரு."

அண்ணன் பெயரில் நடக்கப்போகும் கபடிப் போட்டிக்கு நினைவு மலர் போடுகிறோம், நீங்கள் எழுத வேண்டும் என்று கடலை மில் கண்ணன் வந்து நின்றபோது முதலில் மறுத்தேன். நான் படித்தது பத்தாவது வரை. பத்தாவதை மட்டும் இரண்டு முறை படித்தேன். "நீங்கதாண்ணே அவரைப் பத்தி அதிகமாப் பேசுன ஆளு," என்றான். "பேசலடா, ஏசுனேன்," என்றேன். "அதையே எழுதுங்க. புகழ்ந்து எழுத மத்த பக்கமெல்லாம் இருக்கு," என்று போய்விட்டான். ஆகவே அவரைத் தெரிந்த நீங்கள் இதில் நல்ல வார்த்தை தேடாதீர்கள். பக்கத்தைத் திருப்பினால் கிடைக்கும்.

நான் திட்டிய அந்த "ஒங்க ஆளு" யார் என்பதைச் சொல்லிவிடுகிறேன். என் மகன் சரவணன். டிவியில் வரும் கபடி லீக்கில் ஓர் அணியில் இருக்கிறான். பெற்ற மகன் மண்ணைக் கவ்வியதற்கு அப்பன் ஏன் இன்னொருவரைக் கேலி செய்தான் என்றால், அதற்கும் சவரிமுத்து அண்ணன்தான் காரணம்.

ஆலங்குடி பஸ் நிலையத்தில் அவர் டைம் கீப்பராக இருந்தார். எதிர்வரிசையில் என் மோட்டார் காயில் கட்டும் கடை. அவருக்கு நண்பர் என்று ஒரு டிரைவர் கிடையாது. ஒருமுறை நான் காயில் கட்டிய மோட்டாரைத் தோளில் சுமந்துகொண்டு புதுக்கோட்டை பஸ்ஸைப் பிடிக்க ஓடி வந்தேன். டிரைவர் என்னைப் பார்த்துவிட்டு வண்டியை மெதுவாக்கினார். அண்ணன் கூண்டிலிருந்து விசிலை ஊதிக் கையை வீசினார். வண்டி போய்விட்டது. "கண்ணு அவிஞ்சா போச்சு? ஆளு ஓடி வர்றது தெரியலையா?" என்று கத்தினேன். "ஓடி வர்றவனுக்கெல்லாம் நின்னா, நேரத்துக்கு வந்து உள்ள ஒக்காந்திருக்கிறவன் என்ன இளிச்சவாயனா?" என்றார். அன்றிலிருந்து எனக்கு "மோட்டாரு" என்று பெயர். வைத்தவர் அவர். என் மனைவி செல்வியே இப்போது கோபம் வந்தால் அப்படித்தான் கூப்பிடுகிறாள்.

அந்த விசிலை அவர் வேலை நேரத்தில் மட்டும் ஊதவில்லை. சுற்றுவட்டாரத்தில் எங்கே கபடி நடந்தாலும் நடுவர் அவர்தான். ஆவூர் திருவிழாப் போட்டியில் சரவணன் முதன்முதலாகப் பெரிய ஆட்களோடு ஆடினான். ரெய்டர். எதிரணிக்குள் பாடிப் போகிறவன். கடைசி நேரம், ஒரு பாயிண்ட் வேண்டும். போனான், உரசினான், திரும்பி வந்து கையைத் தூக்கினான். அண்ணன் தலையை ஆட்டி, தொடவில்லை என்றார். நான் கயிற்றைத் தாண்டிக் களத்துக்குள் ஓடினேன்.

"எம் மகன் தொட்டான்யா! நான் பாத்தேன்!"

விசில். "செருப்போட களத்துல ஏறுனவரு வெளிய போங்க."

"தொட்டான்னு சொல்றேன்ல!"

"தொட்டவன் மூஞ்சி இப்படி இருக்காது," என்றார். கூட்டம் சிரித்தது. நானே என் மகன் முகத்தைத் திரும்பிப் பார்த்தேன், அதுதான் நான் செய்த தப்பு. கூட்டம் இன்னும் சிரித்தது.

அதோடு விட்டாரா? மாவட்ட அணிக்கு ஆள் எடுத்தபோது அவரையும் கேட்டார்கள். என் காது படச் சொன்னார்: "இவன் ரெய்டர் இல்ல. காலு முன்னால போகுது, கண்ணு பின்னால பாக்குது. கவர்ல நிப்பாட்டுங்க, கைப்புடி நல்லா இருக்கு." கவர் என்றால் உள்ளே வருகிறவனைப் பிடிக்க நிற்கும் இடம். மாவட்ட அணியில் சரவணனுக்கு ரெய்டு கிடைக்கவில்லை. அவன் வீட்டுக்கு வந்து ஒரு வாரம் யாரோடும் பேசவில்லை. நான் அந்த ஒரு வாரமும் பஸ் நிலையத்தில் எல்லோரோடும் பேசினேன். எம் மகன் ரெய்டர், அவரு கண்ணுல புரை என்று.

பிறகு சரவணன் தஞ்சாவூரில் கல்லூரி அணி, சென்னையில் ஒரு கிளப் என்று அலைந்து, கடைசியில் இந்த சீசனுக்கு டிவி லீக்கில் ஒரு அணி அவனை எடுத்தது. ரெய்டராகவே எடுத்தது. லட்டுப் பெட்டியை நான் முதலில் நீட்டியது சவரிமுத்து அண்ணனிடம்தான். அப்போது அவர் ஓய்வு பெற்று ஆவூருக்கே போயிருந்தார். ஆனாலும் ஞாயிறு பூசை முடிந்ததும் புதுக்கோட்டையில் பஸ் மாறி என் கடைக்கு வந்துவிடுவார். அந்த ஞாயிறும் வந்திருந்தார்.

"ரெய்டர்னு எடுத்திருக்காக. பாத்தீகள்ல?"

லட்டை வாங்கி அப்படியே கண்ணன் கையில் வைத்தார். "எடுத்தவுக இன்னும் அவனை மூணாவது ரெய்டுல பாக்கல," என்றார்.

இந்த மூன்றாவது ரெய்டைப் பற்றிச் சொன்னால்தான் அவரைப் பற்றிச் சொன்னதாகும். கபடியில் ஒரு அணி தொடர்ந்து இரண்டு முறை பாடிப் போய் வெறுங்கையோடு திரும்பினால், மூன்றாவது முறை போகிறவன் பாயிண்ட் எடுத்தே தீர வேண்டும். எடுக்காமல் திரும்பினால் அவன் அவுட். அண்ணன் டிவியில் ஆட்டம் பார்க்கும்போது முதல் இரண்டு ரெய்டுகளில் காது குடைந்துகொண்டிருப்பார். மூன்றாவதுக்குத்தான் முகத்தைத் திருப்புவார். "இதுக்கு எவனை அனுப்புறாகன்னு பாரு. மத்தவனெல்லாம் வாக்கிங் போறான்," என்பார்.

எங்களுக்கு ஒரு விளையாட்டு இருந்தது. லீக் தொடங்குவதற்கு முந்தின ஞாயிறு என் கடையில் ஆள் எடுப்பு. நான், அண்ணன், கண்ணன், கட்டுமாவடியிலிருந்து மீன் கொண்டுவரும் ரகீம் பாய். லீக்கில் ஆடுகிற எந்த அணியிலிருந்தும் மாற்றி மாற்றி ஆளுக்கு ஏழு பேரை எடுத்துக்கொள்ள வேண்டும். ஒருவர் எடுத்த ஆளை இன்னொருவர் தொட முடியாது. நிஜ ஆட்டத்தில் அந்த ஆள் எடுக்கிற பாயிண்ட் எடுத்தவர் கணக்கில் ஏறும். கண்ணன் கடைச் சுவரில் சாக்பீஸால் எழுதுவான். முதல் சுற்றில் ரெய்டரை மட்டும்தான் எடுக்கலாம், ஏனென்றால் பாயிண்ட் அவனிடம்தான் இருக்கிறது. சீசன் முடிவில் கடைசியாக வந்தவர் அடுத்த சீசன் முழுக்க, காப்பர் கம்பி தீர்ந்துபோன காலி டிரம்மைக் கவிழ்த்துப்போட்டு அதில்தான் உட்கார வேண்டும். கடை என்னுடையது. நாற்காலிகள் என்னுடையவை. நான்தான் வருடா வருடம் டிரம்மில் உட்கார்ந்திருந்தேன்.

இதற்குப் போனில் ஆப் இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது. அதில் காசு போகும் என்று செல்வி தடுத்தாள். அதில் யாரும் காரணம் சொல்ல வேண்டியதில்லை என்று அண்ணன் தடுத்தார். எங்கள் ஆட்டத்தில் அவர் போட்ட சட்டம் அது: "காரணம் சொல்லாம ஆளைத் தொடாதே." ஒரு ஆளை எடுக்கும்போது ஏன் என்று சபையில் சொல்ல வேண்டும். மற்றவர் ஆட்சேபிக்கலாம். ஆனால் ஆட்சேபிக்கிறவரும், அந்த ஆள் ஏன் லாயக்கில்லை என்று வாய்திறந்து சொல்ல வேண்டும்.

நான் சொன்ன காரணங்கள் எதுவும் அவரிடம் தேறியதில்லை. "போன வருசம் இவன்தாண்ணே எல்லாரையும் விட அதிகம் எடுத்தான்," என்பேன். "போன வருசத்து மழைக்கு இந்த வருசம் கடலை போடுவியா?" என்பார். "ஒசரமா இருக்கான்." "தென்னை மரமும்தான் ஒசரமா இருக்கு, பாடிப் போகுமா?" ரகீம் பாய் மட்டும்தான் அவரிடம் பேர் வாங்குவார். முட்டியில் பேண்டேஜ் சுற்றிய ஆளைப் பாய் தொடவே மாட்டார். "அது நேத்துப் புடிச்ச மீனுங்க. ஐஸ் போட்டா மட்டும் புதுசாயிருமா?" என்பார். அண்ணன் தலையை ஆட்டுவார். என்னைப் பார்த்து, "கேட்டுக்க மோட்டாரு," என்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அவர் ஆள் பார்க்கிற விதமே வேறு. தொட்டுவிட்டுத் தொடையைத் தட்டுகிறவனைப் பார்க்கமாட்டார். பிடிபட்டவன் எழுந்திரிப்பதைப் பார்ப்பார். "எந்திரிச்சதும் நடுவரைப் பாத்தா அவன் வக்கீலு. கோச்சைப் பாத்தா வேலைக்காரன். அந்த நடுக்கோட்டைப் பாத்தான்னா எடுத்துக்க," என்று ஒருமுறை சொன்னார். நல்ல பேச்சுதான். அதை என்னைத் திட்டாமல் சொல்லியிருந்தால் அப்போதே கேட்டிருப்பேன்.

இந்த வருட ஆள் எடுப்புக்கு வருகிறேன். சீட்டுக் குலுக்கினோம். எனக்கு முதல் முறை. அடுத்தது பாய், பிறகு அண்ணன், கடைசியில் கண்ணன். எல்லோரும் என் வாயைப் பார்த்தார்கள். நான் வடக்கத்தி ஆள் ஒருவனைச் சொன்னேன். தொடை ஒவ்வொன்றும் அம்மிக்கல் மாதிரி இருக்கும். என் கணக்கு எனக்கு. சரவணன் புதுப்பையன், பெஞ்சில் உட்காரப் போகிறவன். அவனை இந்த மூன்று பேரும் சீந்தமாட்டார்கள். அஞ்சாவது சுற்றில், ஆறாவது சுற்றில் சாவகாசமாக எடுத்துக்கொள்ளலாம். முதல் முறையை எதற்கு வீணடிப்பது? டிரம்மில் உட்கார்ந்து உட்கார்ந்து எனக்கு இடுப்பு விட்டுப்போயிருந்தது.

பாய் ஒருவனை எடுத்தார். அண்ணன் முறை வந்தது. மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டினார்.

"சரவணன்."

"எந்தச் சரவணன்?" என்றான் கண்ணன்.

"எத்தனை சரவணன் இருக்கான்? மோட்டாரு மகன்."

கண்ணன் கையில் சாக்பீஸ் அப்படியே நின்றது. நடக்கிறது என்னவென்று எனக்குப் புரிந்துவிட்டது என்று நினைத்தேன். என் மகனை என்னிடமிருந்து பிடுங்கிக்கொண்டு வருடம் முழுக்க என்னை ஆட்டி வைக்கப் போகிறார்.

"காரணம்?" என்றேன்.

"இல்ல."

"இல்லையா? காரணம் சொல்லாம தொடக் கூடாதுன்னு சட்டம் போட்டது யாரு?"

"நான்தான்."

"அப்பறம்?"

"அப்பறம் என்ன, ஆட்சேபணை சொல்லு. ஒம் மகன் எடுக்க லாயக்கு இல்லன்னு இவுகளுக்கு முன்னாடி ஒன் வாயால சொல்லு. விட்டுர்றேன்."

நான் டிரம்மிலிருந்து எழுந்துவிட்டேன். பாய், "விடுங்கண்ணே, விடுங்க," என்று என் கையைப் பிடித்தார். அண்ணன் உட்கார்ந்த இடத்தைவிட்டு அசையவில்லை.

"ஊரெல்லாம் எம் மகன் ரெய்டரு, எம் மகன் ரெய்டருன்னு என்கூட மல்லுக்கு நின்னே. இன்னைக்கு மொத மொறை ஒனக்குத்தானே வந்துச்சு? யாரை எடுத்தே?"

"வெளிய போங்கய்யா என் கடைய விட்டு!"

"கடை ஒன்னுதுதான். ஆளு என்னுது," என்று பையை எடுத்துக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தார். மீதி ஆறு பேரைக் கண்ணனுக்குப் போனில் சொன்னாராம், ஒவ்வொருவருக்கும் காரணத்தோடு.

வீட்டில் செல்வியிடம் அவரைப் பற்றிக் கொட்டித் தீர்த்தேன். அவள் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "நீங்க ஏன் மொதல்ல எடுக்கல?" என்றாள். "அஞ்சாவதா எடுக்கலாம்னு…" என்றேன். "அஞ்சாவதா," என்றாள். அன்றைக்குக் குழம்பு எனக்கு மட்டும் தீர்ந்துபோயிருந்தது.

அடுத்த ஞாயிறும் அவர் வந்தார். வராமல் இருப்பார் என்று நினைத்தேன். வந்து அவர் நாற்காலியில் உட்கார்ந்தார். அந்த சீசன் முழுக்க நாங்கள் அப்படித்தான் இருந்தோம், ஒரே டிவி முன்னால் இரண்டு பாம்புகள் மாதிரி. சரவணன் பெஞ்சில் இருந்தான். அவன் களம் இறங்காத ஒவ்வொரு ஆட்டத்திலும் பெற்றவனாக எனக்கு வயிறு எரியும். எரிந்துகொண்டே சுவரைப் பார்ப்பேன். அண்ணன் கணக்கில் ஏறாத ஒவ்வொரு பாயிண்டும் என்னை டிரம்மிலிருந்து ஒரு சாண் மேலே தூக்கியது. இந்த இரண்டையும் ஒரே நெஞ்சில் வைத்துக்கொண்டு எப்படிச் சோறு தின்றேன் என்று கேட்டால், நன்றாகவே தின்றேன்.

ஒருநாள் காமிரா பெஞ்சைக் காட்டியது. "சிரிக்கிறான் பாரு எம் புள்ள," என்றேன்.

"சிரிக்கல. பல்லைக் கடிக்கிறான்," என்றார் அண்ணன்.

"எம் மகன் எனக்குத் தெரியாதா?"

"தெரியாது."

பாதி சீசனில் ஒரு ஆளை மாற்றிக்கொள்ளலாம். கண்ணன் கெஞ்சினான். பாய், "ஒக்காந்தே கெடக்குற ஆளைப் போட்டு என்ன பண்ணப் போறீங்க, மாத்திருங்கண்ணே," என்றார். அண்ணன், "இருக்கட்டும். ஆளு ஏறாம வண்டியெடுத்துப் பழக்கம்தான் எனக்கு," என்றார். சுவரில் அவர் பெயர் நாளுக்கு நாள் கீழே இறங்கியது. நான் அதற்குப் பக்கத்தில் ஒரு டிரம் படம் வரைந்து வைத்தேன். அவர் அதைக் கூர்ந்து பார்த்துவிட்டு, "டிரம்மு நல்லா வந்திருக்கு. காயிலும் இப்படிக் கட்டுனீன்னா கடைக்கு நாலு ஆளு வரும்," என்றார்.

கடைசியில் ஒரு ஆட்டத்தில் அணியின் பெரிய ரெய்டர்கள் இருவரும் அவுட்டாகிப்போய் வெளியே இருந்தார்கள். சரவணனை இறக்கினார்கள். மூன்றாவது ரெய்டு. அன்றைக்கு அண்ணன் ஆவூரில், நான் என் வீட்டில். சரவணன் பாடிப் போனான். கணுக்காலைப் பிடித்து இழுத்துப்போட்டார்கள். அணி தோற்றது. விடிந்ததும் நான் அனுப்பிய பதிவுதான் மேலே சொன்னது. என் மகன் விழுந்த வலி எனக்குப் பொறுக்கவில்லை. அதைத் தூக்கி எறிய ஒரு இடம் வேண்டியிருந்தது. சவரிமுத்து அண்ணனைவிட வசதியான இடம் எனக்கு எப்போதும் இருந்ததில்லை.

செல்வி மாலை வாங்கிக் கொடுத்து என்னைத் தனியாக அனுப்பினாள். "நீங்க பேசுனதுக்கு நான் தலை குனிய முடியாது," என்றாள். ஆவூரில் பாதிப் பேருக்கு என் முகம் தெரியாது. வாசலில், "செருப்பை எங்கிட்டு விடலாம்?" என்றுதான் கேட்டேன். நாலைந்து தலைகள் திரும்பின. "மோட்டாரு இவருதானா?" என்று ஒரு அம்மாள் பக்கத்தில் இருந்தவளிடம் கேட்டாள். அங்கியோடு நின்ற பங்குச் சாமி என் தோளைத் தட்டி, "கயிறு அந்து விழுந்த உவமை நல்லா இருந்துச்சு," என்றார். அவர் கிண்டல் செய்தாரா, ஆறுதல் சொன்னாரா என்று இன்றுவரை தெரியவில்லை.

ஜெசி எனக்குக் காபி கொண்டுவந்தாள். "நேத்து ஆட்டத்தை அப்பா எந்திரிச்சு நின்னு பாத்தாரு, சித்தப்பா. என்னையும் கூப்பிட்டாரு. விழுந்ததும் டிவிய அமத்திட்டாரு. 'காலைல மோட்டாரு கத்துவான்'னு சொல்லிட்டுப் படுக்கப் போனாரு."

"சரவணனை எதுக்கு எடுத்தேன்னு ஏதாச்சும் சொன்னாரா?"

"கேட்டேன். 'ஒன் சோலியப் பாரு'ன்னாரு."

கல்லறைத் தோட்டத்தில் ஆளாளுக்கு நல்ல மனிதர், நேர்மையான மனிதர் என்றார்கள். எனக்குக் கோபம்தான் வந்தது. பதில் சொல்லாமல் போகிறவனை நேர்மையானவன் என்று எப்படிச் சொல்வது? வாழ்நாள் முழுக்கக் காரணம் கேட்டே ஆளைக் கொன்ற மனிதர், ஒரே ஒரு இடத்தில் காரணம் வைத்துக்கொண்டு கொடுக்காமல் போய்விட்டார். கண்ணன், அது என்னை வெறுப்பேற்றச் செய்தது என்கிறான். பாய், சுவர்க் கணக்குக் கலக்காமல் மகன் ஆட்டத்தை நான் மகன் ஆட்டமாக மட்டும் பார்க்கட்டும் என்று செய்திருப்பார் என்கிறார். பாய் நல்லவர், அவருக்கு எல்லாரும் நல்லவர்கள். என்னை நிம்மதியாகப் பார்க்கவிடும் எண்ணம் சவரிமுத்து அண்ணனுக்கு ஒருநாளும் இருந்ததில்லை.

முப்பதாம் நாள் பூசைக்குச் சரவணன் வந்தான். லீக் முடிந்திருந்தது. பூசை முடிந்து ஆவூர் பஸ் நிறுத்தத்தில் நானும் அவனும் நின்றோம். பஸ் வரவில்லை.

"கோச்சு ஒண்ணு கேட்டிருக்காருப்பா," என்றான். "கவர்ல நிக்கிறேன்னா அடுத்த சீசனுக்கும் வச்சுக்கிறாங்களாம். கைப்புடி நல்லா இருக்காம். ரெய்டுதான் போவேன்னா, நன்றி சொல்லி அனுப்பிருவாங்க. வேற அணி எடுத்தா உண்டு, இல்லாட்டி இல்ல. திங்கக்கிழமை சொல்லணும்."

பல வருடங்களுக்கு முன் மாவட்டத் தேர்வில் அண்ணன் சொன்ன அதே சொற்கள். கல்லறைக்குள் போயும் மனிதர் என்னை விடவில்லை.

"ஒங்க கடை ஆள் எடுப்புல அவரு என்னைய மொத சுத்துலதானே எடுத்தாரு?"

"ஆமா."

"அப்ப ரெய்டராத்தானே எடுத்தாரு?"

"மொத சுத்துல வேற எடுக்க முடியாது."

"என்ன காரணம் சொன்னாரு?"

எதைச் சொன்னாலும் நம்புவான் என்று அவன் முகத்தில் தெரிந்தது. எனக்கு வாயில் பத்துக் காரணம் வந்தது. ஒம் பாய்ச்சல் மாதிரி பாத்ததில்லன்னு சொன்னாருடா. நான் அன்னைக்குத் தப்பாச் சொல்லிட்டேன்னு சொன்னாருடா. ஒன்றைச் சொல்லியிருந்தாலும் அந்த மனிதர் எழுந்து வந்து ஆட்சேபிக்கப் போவதில்லை.

"சொல்லலடா," என்றேன். "கேட்டேன். இல்லன்னுட்டாரு."

"அவரா? காரணம் சொல்லாமயா?"

"ஆமா."

அவன் ரோட்டைப் பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு என் பக்கம் திரும்பினான். பல்லைக் கடித்துக்கொண்டிருந்தான். சிரிக்கவில்லை. அது எனக்கு இப்போது தெரிகிறது.

"ரெய்டுதாம்ப்பா," என்றான். திங்கட்கிழமைக்குக் காத்திருக்கவில்லை. அங்கேயே போனை எடுத்து கோச்சுக்கு அடித்தான்.

சவரிமுத்து அண்ணனிடமிருந்து எனக்கு என்ன மிஞ்சியது என்று இந்த மலரில் சொல்ல வேண்டுமாம். அவர்மேல் இருக்கும் கோபம் மிஞ்சியிருக்கிறது, அதை யாருக்கும் விட்டுக்கொடுப்பதாக இல்லை. டிவியில் முதல் இரண்டு ரெய்டுகளில் நானும் இப்போது வேறெங்கோ பார்க்கிறேன், மூன்றாவதுக்குத் திரும்புகிறேன். அந்தப் பழக்கத்தையும் அவர்தான் தொற்ற வைத்தார். கேட்டு வாங்கியதல்ல. அவர் கொடுக்காமல் போன காரணம் என்னிடம் கடைசிவரை கடுப்பாகவே இருக்கும். என் மகனிடம் அது வேறு என்னவாகவோ ஆகியிருக்கிறது. அதில் எனக்குப் பங்கில்லை. அணிகள் இன்னும் ஆள் எடுத்து முடிக்கவில்லை. யார் எடுப்பார்கள், எடுப்பார்களா என்று இதை எழுதும்வரை தெரியாது.

அந்தப் பஸ் நிறுத்தத்தில், அவன் காதில் வைத்திருந்த போன் அடித்துக்கொண்டே இருந்தது. கோச்சு எடுக்கத் தாமதமானது. ஊரெல்லாம் அவனை ரெய்டர் என்று சண்டை போட்டவன் நான், அவன் முழங்கைக்குப் பக்கத்திலேயே நின்றேன், கையை நீட்டினால் போனைப் பிடித்திருக்கலாம். நாக்கு நுனிவரை வந்து அங்கேயே நின்றுவிட்டது.

கவர்லயே நில்லுடா, சரவணா.